வாஞ்சூர் வரைக்கும் வெறுந்தலை

என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். புகையிலையை விட்டுவிட்டேன் என்று அவர் சத்தியம் செய்த வருஷம்தான், இந்த வீட்டில் புகையிலையை ஒளித்துவைக்க எத்தனை இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அரிசிப் பானைக்குள்கூட இருந்தது.

அதனால் போன தை மாதம் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, "ராஜம், இனிமே ஹெல்மெட் இல்லாம நான் வண்டிய எடுத்தா ஏன்னு கேளு" என்று அவர் சொன்னபோது, கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் தேங்காய் அழுகலா என்று குனிந்து பார்த்தேன்.

சத்தியத்துக்குக் காரணம் என் தம்பி சிவநாதன். குரும்பகரம் வளைவில் வண்டியோடு விழுந்தான். ஹெல்மெட் வைத்திருந்தான். பெட்ரோல் டேங்க் மேல் வைத்திருந்தான். அதற்கு ஒரு கீறல் இல்லை. இவனுக்குத்தான் மண்டையில் அடி. பிழைத்துவிட்டான். ஆனால் மூக்கில் வாசனை போய்விட்டது. ரசம் ஊற்றினாலும் பாயசம் ஊற்றினாலும் "நல்லாருக்குக்கா" என்கிறான். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவருகிறது. இவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதேன். அன்றையிலிருந்து வண்டி ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டாலே என் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். போகிற தலை அப்படியே திரும்பி வரவேண்டுமே.

என் வீட்டுக்காரர் பெயர் தெட்சிணாமூர்த்தி. நாகூரில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறார். நெரவியிலிருந்து கிளம்பினால் வாஞ்சூர் வரைக்கும் எங்கள் காரைக்கால். வாஞ்சூர் செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாடு. தினமும் போக வர ஸ்கூட்டர்தான்.

சத்தியத்தை நன்றாகவே காப்பாற்றினார். காலையில் வாசலில் நின்று, வார் 'டிக்' என்று விழுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி மாட்டுவார். சாயங்காலம் மாட்டின தலையோடு வந்து இறங்குவார். அதுதான் எனக்கு இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து சொன்ன சொல்லை ஒரு வாரம் சேர்ந்தாற்போலக் காப்பாற்றாத மனுஷன், எனக்குக் கேட்கிற மாதிரி ஏன் காப்பாற்றுகிறார்?

ஒருநாள் ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்தேன். உள்ளே பஞ்சில் ஒரு கொத்தமல்லித் தழை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"காத்துல பறந்து வந்திருக்கும்."

"தலை உள்ள இருக்கிறப்ப தழை எப்படிங்க உள்ள போகும்?"

"கடல் காத்து ராஜம். அதுக்கு வழி தெரியும்."

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இறால் மீசை.

"இதுவும் பறந்து வந்துச்சா?"

"குதிச்சு வந்திருக்கும். இன்னிக்கு இறால் நல்ல உயிரோட இருந்துச்சு."

பக்கத்து வீட்டுக் கமர் நிஷாவிடம் போய்ச் சொன்னேன். அவள் புருஷன் சஃபியுல்லா துபாயில் கார் ஓட்டுகிறவர்.

"தலை இருக்க வேண்டிய எடத்துல இறால் இருந்தா, தலை வெளியில இருந்திருக்குன்னு அர்த்தம். இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்றாள்.

"தெனம் வார் மாட்டுற சத்தம் கேக்குதே கமரு?"

"வாசல்ல கேக்குது. தெருமுனையில கேக்குதா? எங்க மச்சானையே எடுத்துக்குங்க. துபாய்ல பெல்ட் போடாம சாவியத் திருப்ப மாட்டாங்க. லீவுக்கு வந்தா கைலியக் கட்டிக்கிட்டு, பின்னாடி ரெண்டு பேர ஏத்திக்கிட்டு வண்டியில பறப்பாங்க. கேட்டா 'நம்ம ஊருதானே'ம்பாங்க. நம்ம ஊரு ரோட்டுல என்ன மெத்தையா போட்டு வச்சிருக்கு?"

"கேட்டா ஒத்துக்க மாட்டாரே."

"கேட்டா பொய்தான் வரும். கேக்காதீங்க. தெரிஞ்ச மாதிரி பேசுங்க."

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். உலை கொதிப்பதற்குள் வழி கிடைத்துவிட்டது.

ஸ்கூட்டர் என் பெயரில் இருக்கிறது. அவருக்கு ஏழரைச் சனி, இரும்பு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க இரும்புக்கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரும்பு ஆகாதாம்! அதனால் வண்டியும் என் பெயரில். அதோடு எழுதிக்கொடுத்த போன் நம்பரும் என்னுடையது. ரோட்டில் கேமரா வைத்து, தப்புச் செய்கிறவர்களைப் படம் பிடித்து, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் போனுக்கு அனுப்புகிறார்கள் என்று டிவியில் பார்த்திருந்தேன்.

சாயங்காலம் அவர் காபியை வாயில் வைத்த நேரம் பார்த்து, போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு போட்டோ வந்திருக்கு."

"யாரு போட்டோ?"

"உங்க போட்டோதான். போலீஸ்காரங்க அனுப்பியிருக்காங்க. தலை நல்லா விழுந்திருக்கு. வழுக்கைகூடப் பளிச்சின்னு தெரியுது."

காபி மூக்கில் ஏறிவிட்டது.

"இருக்காதே!"

"ஏன் இருக்காது?"

"வாஞ்சூர் வந்ததும் மாட்டிடறேனே! தமிழ்நாட்டுக்குள்ள ஒருநாள்கூட நான் கழட்டினதில்லையே ராஜம்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப தெருமுனையிலேர்ந்து வாஞ்சூர் வரைக்கும்?"

"அது... நம்ம ஏரியா. இங்க யாரு புடிக்கிறா?"

"நம்ம ஏரியா லாரி மோதினா வலிக்காதா? உங்க தலை தமிழ்நாட்டுல மண்பானை, காரைக்கால்ல இரும்புக்குண்டா?"

"வர்ற வழியில காய் வாங்கணும். பைய மறந்துடறேன்..."

"சிவநாதன் ஹெல்மெட்டும் கீறல் இல்லாம பரண்லதான் கிடக்கு. அதையும் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணுல கொத்தமல்லி, ஒண்ணுல இறால். தலைய மட்டும் ரோட்டுல போட்டுட்டு வாங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். அப்புறம் மெதுவாக, "அந்தப் போட்டோவக் காட்டேன்" என்றார்.

"எனக்கே பார்க்கச் சகிக்கல" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். இல்லாத போட்டோவை எங்கே காட்டுவது?

அன்றோடு திருந்தினார். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாததால் எல்லா இடத்திலும் மாட்டினார். கரண்ட் கம்பத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். தென்னைமரத்தையும் பார்த்தார். ஒருநாள் பால் வாங்க நடந்து போகிறபோதுகூட மாட்டிக்கொண்டு போனார். நாகூர் பஸ்ஸில் போன கமர் நிஷா, "வாஞ்சூருக்கு முன்னாடியே, பட்டினத்துல பார்த்தேன்க்கா, தலை உள்ளதான் இருந்துச்சு" என்று வந்து சொன்னாள். எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

வைகாசியில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கமர் நிஷாவிடம் இரவல் வாங்கின பச்சைக்கல் வைத்த கைப்பை என்று கிளம்பினேன். வண்டியில் ஏறும்போது, "பின்னாடி உக்கார்றவங்களும் போடணும் ராஜம்" என்றார்.

"நானா ஓட்டப்போறேன்? பூ நசுங்கிடும். நீங்க ரோட்டப் பாருங்க."

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் கிணுகிணுத்தது. போட்டோ. இது நிஜப் போட்டோ. கண்ணாடியைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். எங்கள் ஸ்கூட்டர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால், தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூவோடு ஒருத்தி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. ஓஹோ, இதுதான் சங்கதியா! மூஞ்சி தெரியாமல் ஊர் சுற்றத்தான் ஹெல்மெட்டா? அதை நானே வேறு மாட்டி அனுப்பினேனே!

"கமரு! ஓடி வாடி! என் குடி கெட்டுச்சு!"

அவர் கொல்லையிலிருந்து வந்தார். போனை அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"யாருங்க இவ?"

நிதானமாகப் பார்த்தார். "யாரோ தெரியலையே. ஆனா லட்சணமா இருக்கா."

கமர் நிஷா வந்து போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அக்கா, இவ மடியில இருக்கிறது என் பை!"

"உன் பைய இவளுக்கு ஏன்டி குடுத்தே?"

"நான் உங்களுக்குத்தான்க்கா குடுத்தேன்."

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

படத்துக்குக் கீழே இருந்ததை அவர் சத்தம் போட்டுப் படித்தார். பின்னால் உட்கார்ந்தவர் தலைக்கவசம் அணியவில்லையாம். படித்துவிட்டு விரலால் மேலே தள்ளினார். கீழே தள்ளினார்.

"ஏன் ராஜம், முந்தி என் போட்டோ ஒண்ணு வந்துச்சே. அது எங்க?"

"அது... காத்துல பறந்து போயிருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தலையில் ஒரு ஹெல்மெட்டும், கையில் சிவப்பாக ஒரு புது ஹெல்மெட்டுமாக வந்து இறங்கினார். கையில் இருந்ததை என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு கட்டுக் கொத்தமல்லி.

"தழைய எடுத்துட்டுத் தலைய வை" என்றார்.