பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு திருடன்

பாரத தேசத்தில் திருட்டு என்கிற தொழில் என்றைக்காவது அடியோடு ஒழிந்துபோனால், அந்தப் பெருமையில் முக்கால் பங்கு பம்பாய் மாட்டுங்காவில் உள்ள கமலா நிவாஸ் என்ற மூன்று மாடிக் கட்டடத்துக்கே சேர வேண்டும். மீதிக் கால் பங்கைப் போலீஸ் இலாகா எடுத்துக்கொள்ளட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தக் கட்டடத்தின் பாதுகாப்புக் கமிட்டிக் காரியதரிசி அனந்தகிருஷ்ணன். கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். போன வருஷம் சீனச் சண்டையின்போது விளக்கை அணைக்கச் சொல்லி மாடி மாடியாக ஏறி விசில் ஊதியவர். சீனாக்காரன் திரும்பிப் போய்விட்டான், விசில் போகவில்லை. யாரிடமிருந்தாவது யாரையாவது காப்பாற்றினால்தான் சாதம் இறங்கும் என்கிற நிலைமைக்கு மனுஷர் வந்திருந்தார்.

ஆனால் அவருடைய உண்மையான பதவி வேறு. கமலா நிவாஸில் யார் வெளியே கிளம்பினாலும் சரி, கோயிலுக்கோ, காட்கோபரில் இருக்கும் மச்சினி வீட்டுக்கோ, லீவு போட்டு ஊருக்கோ, வீட்டுச் சாவியை அனந்தகிருஷ்ணன் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அதற்கென்று அவர் ஹாலில் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். அவர் மனைவி ருக்கு எல்லார் வீட்டுத் துளசிக்கும் தண்ணீர் விடுவாள், எல்லார் வீட்டுப் பாலையும் காய்ச்சி வைப்பாள். ஆபீஸில் மேனேஜர் அவர் பெயரை ஒரு நாள்கூடச் சரியாகச் சொன்னதில்லை. அதனால் என்ன? சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தச் சாவிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டால் அனந்தகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து காபி குடிப்பார்.

இப்படி இருக்கையில்தான் பேட்டை சப்-இன்ஸ்பெக்டர் ஷிர்கே ‘குற்றத் தடுப்பு வாரம்’ அறிவித்தார். கதவுக்குச் சங்கிலி போட வேண்டும், கதவில் துவாரம் போட்டு எட்டிப் பார்க்க வேண்டும், தெரியாதவர்களுக்குத் திறக்கவே கூடாது என்று ஹிந்தியில் உபதேசம் செய்தார். புரிந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். புரியாதவர்கள் இன்னும் பலமாக ஆட்டினார்கள். வாரத்தின் சிகரமாக மொட்டை மாடியில் ஒரு ‘செயல்முறை விளக்கம்’ நடக்கும் என்றார். திருடன் எப்படியெல்லாம் வருவான் என்று நடித்துக் காட்ட வேண்டும். ஆளைக் கமிட்டிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. தலைவர் பிரம்மநாயகம் பிள்ளை, மூன்றாம் மாடி, பேங்க் ஆபீசர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நமக்கு ஒரு திருடன் வேணும். நம்ம கட்டடத்துலயே யாராவது முன்வந்தா நல்லது.”

அவ்வளவுதான். ஒருவருக்கு முதுகுவலி வந்தது. இன்னொருவருக்குப் பெண் பார்க்க அந்த வாரம்தான் வருகிறார்களாம்.

“தலைவரே செய்யலாமே,” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“நல்லாச் சொன்னீரே ஓய்! பேங்க்ல இரும்புப் பெட்டிச் சாவி என் இடுப்புல இருக்கு. திருடனா நடிச்சேன்னு ஹெட் ஆபீசுக்குத் தெரிஞ்சா என் கதி என்ன ஆகும்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அம்மாம் பெரிய தாராவி கிடக்கு. அங்க ஒரு ஆள் அகப்படாமலா போயிரும்?”

எல்லோருக்கும் நிம்மதிப் பெருமூச்சு வந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கமிட்டியில் ஒருவர்கூட அதுவரை தாராவிக்குள் கால் வைத்ததில்லை என்பதே அந்தத் தீர்மானத்தின் நடுநிலைமைக்கு அத்தாட்சி.

காரியதரிசி என்ற முறையில் அனந்தகிருஷ்ணன் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாராவிக்குப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். செல்லப்பாண்டி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தகரப் பெட்டியும் தாழ்ப்பாளும் செய்கிறவர், கமலா நிவாஸில் பூட்டு மாட்டிக்கொண்டால் திறந்துவிட வருகிறவர். அவர் மனைவி முப்பிடாதியம்மாள் கண்ணாடி கிளாஸில் சாயா கொண்டுவந்து வைத்தாள். குடிக்கலாமா என்று அனந்தகிருஷ்ணன் ஒரு நிமிஷம் யோசித்து, தேச நலனை உத்தேசித்துக் குடித்தார்.

“செல்லப்பாண்டி, ஒரு உபகாரம் பண்ணணும். ஒரு நாள் சாயங்காலம் நீ திருடனா வரணும்.”

செல்லப்பாண்டி சுத்தியலைக் கீழே வைத்தார். “நான் உங்களுக்கு என்ன சாமி கெடுதல் செஞ்சேன்?”

“சேச்சே! நெஜமா இல்லப்பா. நடிப்பு. போலீஸ் முன்னாடி.”

“போலீசு முன்னாடியா!”

முப்பிடாதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “நல்லா இருக்கே நாயம்! இவுக கடைக்குப் போனா கடைக்காரன் சொன்ன வெலையக் குடுத்துட்டு வருத ஆளு. இவுக களவாணியா நடிக்கணுமாக்கும்? நாளைக்கு ஒங்க பக்கம் ஒரு செம்பு காணாமப் போனாலும் மொத ஆளா இவுகளத்தான் இழுத்துட்டுப் போவான். நீங்களே செய்யுங்க சாமி. நீங்க செஞ்சா நாடகம், இவுக செஞ்சா கேசு.”

அனந்தகிருஷ்ணனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. சின்ன வயசிலிருந்து அவருக்கு மேடை ஏற ஆசை.

“ஏன்னா, வேற வேஷமே கிடைக்கலையா?” என்றாள் ருக்கு, தாமே திருடன் என்று அவர் வீட்டுக்கு வந்து சொன்னதும். “இன்ஸ்பெக்டரா நடியுங்கோளேன்.”

“இன்ஸ்பெக்டரா நடிக்கத்தான் இன்ஸ்பெக்டரே வரார்டி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம் நெரிந்தது. ‘அனைவரும் வருக’ என்று போர்டு வைத்திருந்ததால் பான் கடைக்காரன், டாக்ஸிக்காரர்கள், பெயர் தெரியாத பேர்வழிகள் எல்லோரும் வந்து குற்றத் தடுப்பில் சிரத்தை காட்டினார்கள். அனந்தகிருஷ்ணன் லுங்கி கட்டி, கழுத்தில் கைக்குட்டை சுற்றி, கரியால் மீசை போட்டு வந்தார். மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆளாக நடித்தார், கைதட்டல். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ண வந்தவராக நடித்தார், பலத்த கைதட்டல். அதோடு இறங்கியிருக்கலாம். கைதட்டல் கேட்டறியாத ஹெட் கிளார்க்குக்கு அது தலைக்கு ஏறிவிட்டது.

“நகை எங்கே? பீரோவிலேயா? அசடே, பீரோவிலே யார் வைப்பா?” என்று கண்ணை உருட்டினார். “ரெண்டாம் மாடியிலே பூஜைப் பெட்டியிலே, பெருமாளுக்கு அடியிலே! மூணாம் மாடியிலே புளி ஜாடிக்குள்ளே!”

அடுத்த வீட்டு ரகசியம் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தவர்கள், தங்கள் வீடு வந்ததும் கப்சிப் ஆனார்கள். கடைசியில் அங்கே சிரித்துக்கொண்டிருந்தவர் இன்ஸ்பெக்டர் ஷிர்கே ஒருவர்தான்.

“ஏக்தம் பக்கா சோர்!” என்று அவர் அனந்தகிருஷ்ணனின் முதுகில் தட்டினார். தம் சர்வீஸில் இப்படி ஓர் அசல் திருடனைப் பார்த்ததில்லை என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து முத்தாய்ப்பு வைத்தார்: “நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருடன் எங்கிருந்தோ வருவதில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான்.”

இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஹிந்தி தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் பிரம்மநாயகம் பிள்ளையின் மனைவி மீனாட்சியம்மாள் இறங்கி வந்தாள். “ருக்கு, எங்க சாவியக் கொஞ்சம் குடு. எண்ணெய் போடணும்னு அவுக சொன்னாக.”

“சாவிக்கா அக்கா? பூட்டுக்குன்னா போடுவா?”

“ரெண்டுக்கும்தான்.”

அடுத்தவர் சாவிக்கொத்துக்குப் புது வளையம் வாங்கியிருந்தார். அதற்கடுத்தவர் மச்சான் வருகிறான் என்றார். ஊரில் அவருக்கு மச்சானே கிடையாது. எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள், ‘நாடகம் பிரமாதம்’ என்று சொல்லிக்கொண்டே எடுத்துப்போனார்கள். வாரக் கடைசியில் சுவரில் வெறும் ஆணிதான் நின்றது.

“பிடுங்கிடட்டுமான்னா?” என்று கேட்டாள் ருக்கு.

“இருக்கட்டும்.”

காபி ஆறி ஆடை படிந்தது. அனந்தகிருஷ்ணனுக்கு அழுகை வந்தது. நாமே நம் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று நெஞ்சு எரிந்தது. அந்த மனுஷரைப் பார்க்க நமக்கே பாவமாக இருந்தது.

பாதுகாப்புக் காரியம் நிற்கலாமா? எல்லாக் கதவுக்கும் சங்கிலி போடும் வேலையைச் செல்லப்பாண்டியிடம் விட்டார்கள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வந்த அனந்தகிருஷ்ணன், முதல் மாடியில் தம் வீட்டுக் கதவுக்குச் சங்கிலி போடும்போது பக்கத்திலேயே நின்று திருகாணிகளைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். செல்லப்பாண்டி டொக் டொக்கென்று அடித்தார். மேலேயிருந்தும் டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

“மேல யாரு சாமி அடிக்கது?” என்றார் செல்லப்பாண்டி.

“உனக்கென்ன, உன் வேலையைப் பாரு. எல்லாரும் மும்முரமா இருக்கா,” என்றார் காரியதரிசி பெருமையாக. ருக்கு இரண்டு பேருக்கும் வாசலிலேயே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கட்டடம் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டு, ‘சங்கிலி போடுகிறார்கள், நல்லது’ என்று திருப்தியோடு மத்தியானத் தூக்கம் தூங்கியது.

சுனாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பிரம்மநாயகம் தம்பதி சாயங்காலம் திரும்பி வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. புளி ஜாடி கவிழ்ந்திருந்தது. மீனாட்சியம்மாளின் கெட்டி வளையல்களைக் காணோம்.

“ஊரு பூராத் தெரிஞ்ச எடத்துல எந்தத் திருடன் வந்து தேடப்போறான்னு அதுலயே வச்சிருந்தேனே!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். “யார் மேல் சந்தேகம்?” என்று கேட்டார். கமலா நிவாஸ்வாசிகள் பண்பாடு உள்ளவர்கள்; ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அனந்தகிருஷ்ணனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அங்கே செல்லப்பாண்டி தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. அனந்தகிருஷ்ணனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“சாமி வந்துட்டீகளா! நீங்க வந்து சொல்லுவீகன்னு இவங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒங்க கூடத்தான சாமி நின்னேன்?”

இன்ஸ்பெக்டர் அனந்தகிருஷ்ணனுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். “வேலை செய்த நேரம் முழுக்க இவன் உங்கள் கண்ணெதிரே இருந்தானா?”

‘ஆமாம்’ என்பது நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

“நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்,” என்றார் இன்ஸ்பெக்டர் பிரியமாக. “இவன் இல்லையென்றால் புளி ஜாடி விஷயம் தெரிந்த வேறு ஆளை நான் பார்க்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் எல்லோரும் ஒரே பக்கம்தான் பார்க்கிறார்கள்.”

அனந்தகிருஷ்ணனுக்கு வெறும் ஆணிகள் கண் முன்னால் நின்றன. ஆபீஸ், ருக்கு, கட்டடம், நாலு பேர் முகம்.

“நடுவிலே தண்ணி குடிக்க உள்ளே போனேன்.”

“ரொம்ப நேரமா?”

“கொஞ்ச நேரம் ஆகியிருக்கலாம்.”

“சாமி!” என்றார் செல்லப்பாண்டி.

அன்று சாயங்காலமே கமலா நிவாஸ் பழையபடி ஆயிற்று. வளையல் கிடைக்கவில்லை; அது சின்ன விஷயம், திருடன் கிடைத்துவிட்டானே! பிரம்மநாயகம் பிள்ளை மாடிப்படியிலேயே அனந்தகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு, “நம்ம ஆள் ஒருத்தரப் போய்ச் சந்தேகப்பட்டோமே ஓய்!” என்று கண் கலங்கினார். ‘குற்றம் கண்டுபிடிக்க ஒத்துழைத்த முன்மாதிரிக் கட்டடம்’ என்று இன்ஸ்பெக்டர் பாராட்டியனுப்பினார். சாவிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ருக்கு எதையும் வாங்கி மாட்டவில்லை. அவரவர் சாவியை அவரவரே மாட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அனந்தகிருஷ்ணன் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். முப்பிடாதியம்மாள் நின்றாள்.

“யாருன்னா?” என்றாள் ருக்கு.

“யாரோ. தெரியாதவாளுக்குத் திறக்கக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார்.”

ருக்குவும் எட்டிப் பார்த்தாள். “தெரியாதவளா? இவாத்துல சாயா குடிச்சேன்னு நீங்கதானே சொன்னேள்!”

“சாமி, நான் முப்பிடாதி,” என்றது வெளியிலிருந்து குரல். “உள்ளதான் இருக்கீகன்னு தெரியும். இவுகள அடிக்காங்க சாமி. வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நடந்ததைச் சொன்னாப் போதும்.”

ருக்கு சங்கிலியில் கை வைத்தாள். அனந்தகிருஷ்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பிடாதி இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு படியிறங்கும் ஓசை கேட்டது.

ருக்கு கையை உதறி விடுவித்துக்கொண்டாள். சங்கிலியை எடுத்தாள், செருப்பை மாட்டினாள். அந்தச் சமயத்தில் மேலேயிருந்து சாவியும் கையுமாக மீனாட்சியம்மாள் இறங்கி வந்தாள்.

“எங்க ருக்கு கெளம்பிட்டே? நாங்க கோயிலுக்குப் போறோம், சாவி குடுக்க வந்தேன். நீ இல்லாட்டா இம்புட்டுச் சாவிக்கும் யாரு காவல்?”

“போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன் அக்கா. அன்னிக்கு இவர் தண்ணி குடிக்க உள்ளே வரவே இல்லை. ரெண்டு பேருக்கும் வாசல்லயே மோர் கொடுத்தது நான்தான். அதைச் சொல்லிட்டு வரணும்.” ருக்கு பாதிப் படியில் நின்று திரும்பினாள். “சாவியை மாட்டிட்டுப் போங்கோ, பயப்படாதீங்கோ. திருடன் எங்கேயும் போகலை, ஆத்துலதான் இருக்கார்.”