வடிகட்டி பாயின் கொத்துக்கறி

குற்றாலத்தில் யார் சொன்னாலும் கேட்காதவை இரண்டு. ஒன்று அருவி, இன்னொன்று வடிகட்டி பாய். அருவியாவது சீசன் முடிந்தால் கொஞ்சம் அடங்கும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அருவிக்குப் போகும் வழியில் ஓலைக்கொட்டகை போட்டுக் கடை வைத்திருந்தார். தோசையும் கொத்துக்கறியும் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் சாரல் அடிக்கிற நாட்களில் மட்டும். காரணம் அவருடைய பக்குவம். கொத்திய கறியை இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்போடு வதக்கி, வெந்நீர் விட்டுக் கொதிக்கவிட்டு, சட்டியைக் கொல்லைச் சுவர்மேல் தூக்கி வைத்துவிடுவார். சாரல் காற்று பட்டதும் மேலே மிதக்கும் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிடும். அதைத் தோசைத்திருப்பியால் அடை எடுப்பதுபோல் எடுத்து ஒரு டின்னில் போடுவார். மீதியை அடுப்பேற்றிச் சுண்ட வைப்பார். வெயில் அடித்தால் கடைக்குப் பூட்டு.

ஒருநாள் புளியங்குடி எலுமிச்சங்காய் வியாபாரி ஒருவர் ஆசையாகக் கேட்டுவிட்டார்.

“பாய், மேல கொஞ்சம் நெய் மிதக்க விடும்யா.”

பாய் அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டார். “அண்ணாச்சி, கடை மாறி வந்துட்டிய. எந்திரிங்க.”

“ஏ, கை நனைச்சிட்டேன்யா!”

“அங்கன பானையில தண்ணி இருக்கு. கழுவிட்டுப் போங்க.”

மறுநாள் அதே வியாபாரி அதே பெஞ்சில் உட்கார்ந்து வாய் திறக்காமல் சாப்பிட்டதை நான் பார்த்தேன். வாய் திறக்காமல் என்றால், பேசுவதற்கு.

இப்படிப்பட்ட மனிதர் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார். நயா பைசா புழக்கத்துக்கு வந்து, ஊரே அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்த சமயம். என் மகள் செல்விக்கு ஒன்பது வயது. மஞ்சள் காமாலையில் விழுந்து, பிழைப்பாளா என்று கேட்கவே பயந்து நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இப்போது அவள் என்னைவிட உயரம். இன்றைக்கும் காலையில் அவளை ஜன்னலோரம் நிறுத்தி இமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

“கறி கொடுங்கள், தெம்பு வரும். கொழுப்பு மட்டும் ஒரு பொட்டுக்கூட ஆகாது” என்றார் டாக்டர். பிரச்சினை, செல்வி எதையுமே தின்னவில்லை. இரண்டு வாய்க்கு மேல் தலையைத் திருப்பிக்கொள்வாள். கை, தென்னை ஈர்க்குபோல் ஆகியிருந்தது. தென்காசியை விட்டுக் குற்றாலத்தில் ஓர் அறை பிடித்து, அவளைப் பாய் கடைக்கு அழைத்துப் போனேன்.

நான் சரித்திர வாத்தியார். ஆனாலும் பயம் வந்தால் எல்லாரும் விஞ்ஞானிதான். வெந்த கறியில் ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் வைத்து அழுத்தினேன். கொழுப்பு இருந்தால் காகிதம் கண்ணாடிபோல் ஆகிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பாய்க்கு மூக்கு விடைத்தது. “என் கறிக்கே பரீட்சையா? அது என்ன பேப்பர் சார்வாள்?”

“பத்திரிகையில நான் எழுதின கட்டுரை.”

“அதான் ஒண்ணும் ஒட்ட மாட்டக்கு.”

செல்வி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். “சக்கையா இருக்குப்பா.” மறுநாளும் அப்படியே. பாய் இடிந்துபோனார். அவர் ஆளை எழுப்பி விட்டதுண்டு. அவர் கறியை விட்டு யாரும் தாமாக எழுந்ததில்லை.

“ஒவ்வொரு வாய்க்கும் நீங்க இப்படி முழிச்சிக்கிட்டு நின்னா கல்லுக்குக்கூட விக்கல் எடுக்கும் சார்வாள். போயி அருவியில குளிச்சிட்டு வாங்க. புள்ளய நான் பாத்துக்கிடுதேன்.”

எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. சாரலில் என் தேங்காயெண்ணெயும் உறைந்துபோயிருந்தது. இளகட்டும் என்று டின்னைப் பாயின் அடுப்போரம் வைத்திருந்தேன். ஜட்கா வண்டியின் அச்சுக்குப் போட அவர் சேர்த்துவந்த கொழுப்பு டின்னும் அங்கேதான் இருந்தது. இரண்டும் பால்பவுடர் டின். இரண்டும் இன்னும் இளகவில்லை, உள்ளே வெள்ளை வெளேர். எனக்கோ ஜலதோஷம், மூக்கு அடைப்பு. மேலே சொல்ல வேண்டியதில்லை.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் என் முதுகில் கை வைத்ததும் நிறுத்தினார்.

“சார்வாள், என்ன எண்ணெய் இது?”

“தேங்காயெண்ணெய்தான்.”

“பட்டை, கிராம்பெல்லாம் போட்டுல்லா காச்சிருக்கிய!”

பாராட்டுகிறார் என்று நினைத்து, “வீட்டுப் பக்குவம்” என்றேன் பெருமையாக.

அருவித் தண்ணீர் விழ விழ, மேலே தேய்த்தது அப்படியே உறைந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர்போல் நின்றேன். இடத்துக்கு அடித்துக்கொண்ட கூட்டம் எனக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டது. யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கும் குரங்குகள் என்னைக் கண்டதும் மரம் ஏறின. நாய்கள்தான் மாப்பிள்ளை அழைப்புபோல் பின்னாலேயே கடைவரைக்கும் வந்தன.

பாய் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த டின்னைப் பார்த்தார். “ஏ ரப்பே! வண்டிக்கு வச்சதையா தேச்சிய?”

அவர் சிரிக்கவில்லை. கொழுப்பைக் கண்டால் அவருக்குத் தொழில்தான் ஞாபகம் வரும். தோசைத்திருப்பியை எடுத்து வந்து என் முதுகில் வழிக்கத் தொடங்கினார். “ஆடாதிங்க சார்வாள், நல்லா உறைஞ்சிருக்கு, ஏடு ஏடா வருது.”

களுக்கென்று ஒரு சத்தம். செல்வி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து மறந்துபோயிருந்த சிரிப்பு. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

“அப்பா, ஒங்க மேல கொத்துக்கறி வாசம் அடிக்கு.”

சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: “எனக்குப் பசிக்கு.”

நான் காகிதத்துக்குத் தாவினேன். “பேப்பரைத் தொட்டிய, மறுபடி அருவிக்கு அனுப்பிருவேன். அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க!” என்றார் பாய். பாதி வழித்த முதுகோடு சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் தட்டை விரலால் வழிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மறு வருஷச் சீசனில், இனி எதுவும் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன செய்தியோடு போனோம். பாய் செல்வியின் முன்னால் ஒரு தட்டை வைத்தார். கறிமேல் நெய் தங்கமாக மிதந்தது. கடையே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“பாய், எனக்கும் அதுல ஒரு கரண்டி...” என்றார் புளியங்குடி வியாபாரி.

“நீங்களும் காமாலையில கிடந்து எந்திரிச்சி வாங்க, பாப்பம்.”

பழக்கதோஷம், என் கை தானாகவே காகிதத்தை எடுத்துவிட்டது. அவள் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை அழுத்தித் தூக்கிப் பிடித்தேன். என் கட்டுரை முழுவதும் கண்ணாடியாகிவிட்டது. எழுத்துகளுக்குப் பின்னால், உப்பிய கன்னத்தோடு செல்வி மென்றுகொண்டிருந்தாள்.

“என்ன சார்வாள், ஏதாச்சும் தெரியுதா?” என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார் பாய்.

“எல்லாம் தெரியுது பாய்” என்றேன்.