இலைமேல் அனுமதியில்லாத சந்திப்பு

காற்று நலத் துறையில் கந்தகப் பிரிவும் அம்மோனியாப் பிரிவும் அடுத்தடுத்த அறைகள். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தந்த வாயு அந்தந்தப் பிரிவுக்குள் அடங்கி நடக்க வேண்டும் என்பது துறையின் கொள்கை. வாயுக்களுக்கு மட்டும் இதை யாரும் தெரிவிக்கவில்லை.

கந்தகப் பிரிவின் தலைவர் பெர்னார்ட். நகர நடுவில் இருந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை விற்று, ஊருக்கு வெளியே எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அப்பால் ஒன்பதாவது மாடியில் பிளாட் வாங்கியவர். எதிரே இருந்த காட்டைக் காட்டித்தான் பில்டர் அதை அவர் தலையில் கட்டினான். இப்போது அந்தக் காடு உச்சியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு வயிறு எரிந்தது.

"உங்க டிபார்ட்மென்ட்தானேங்க, ஏதாவது பண்ணக் கூடாதா?" என்றாள் மனைவி மௌரீன், பால்கனித் தக்காளிக்குக் கோழி எரு தூவிக்கொண்டே. இயற்கை விவசாயம் செய்யாதவர்களை அந்தக் குடியிருப்பில் மனுஷராகவே மதிப்பதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு கோழி எருவின் அம்மோனியா நாறியது. நாற்றம் தாங்காமல் வீட்டுக்கு வீடு ஏர் பியூரிஃபையர். கரண்ட் போனால் அது நிற்கக் கூடாதென்று கீழே டீசல் ஜெனரேட்டர் கந்தகப் புகை கக்கியது.

பெர்னார்ட் ஆய்வுக்கு ஆள் அனுப்பினார். கந்தகப் புகை வரம்புக்குள், அம்மோனியாவும் வரம்புக்குள் என்று முடிவு வந்தது. ஆனால் பனி ஈரம் படிந்த இலைமேல் இரண்டும் சந்திக்கின்றனவாம். ஒன்றை ஒன்று இழுத்து உட்கார வைத்து, தனியாக வந்தால் ஒட்டாத அளவுக்கு ஒட்டிக்கொண்டு இலையைத் தின்கின்றனவாம்.

அம்மோனியாப் பிரிவின் தலைவி பார்கவியிடம் போனார்.

"மேடம், உங்க அம்மோனியா என் கந்தகத்தைக் கூப்பிட்டு உக்கார வைக்குது."

"என்னோடது வரம்புக்குள்ள இருக்கு சார். உங்களதுதான் வந்து ஒட்டுது."

"என்னோடதும் வரம்புக்குள்ளதான்."

"அப்போ தப்பு யார் மேல?"

இருவரும் யோசித்தார்கள்.

"இலை மேல," என்றார் பார்கவி. "அதுதானே சார் இடம் குடுத்தது?"

பெர்னார்ட் கணக்குப் போட்டுப் பார்த்தார். காடு பிழைக்க வேண்டுமானால் தப்பில் கந்தகத்துக்கும் பங்குண்டு என்று அவர் எழுத வேண்டும். எழுதினால் வரவிருந்த துணை இயக்குநர் பதவி போச்சு. ஜன்னலில் தெரியும் காடா, நாற்காலியா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்ததால் முடிவு சுலபமாக வந்தது.

"மேற்படி வாயுக்கள் முன் அனுமதியின்றிச் சந்திக்க இடமளித்த இலைகளை, அவற்றைத் தாங்கி நிற்கும் மரங்களோடு, பொதுநலன் கருதி அப்புறப்படுத்துக" என்று உத்தரவு போனது. ஒரே வாரத்தில் காட்டை வழித்துப் போட்டார்கள். இலைமேல் படிவு பூஜ்யமானது. துறைக்கு விருது கிடைத்தது. குடியிருப்புக்காரர்கள் மெழுகுவத்தி ஏந்தி அழுதுவிட்டு, மேலே போய் பியூரிஃபையரின் வேகத்தைக் கூட்டி வைத்தார்கள். வெட்கமாவது, மண்ணாவது.

வாயுக்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. அவற்றுக்கு வேண்டியது ஈரமான ஓர் இடம். முதலில் மௌரீன் இருமினாள். பிறகு பெர்னார்ட், பிறகு ஒன்பது மாடியும். இரண்டும் சேர்ந்து நுரையீரலில் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார்.

குடியிருப்பே கையெழுத்திட்டு அனுப்பிய புகார், புதிய துணை இயக்குநர் பெர்னார்டின் மேஜைக்கே வந்தது. பதிலைப் பார்கவி தயாராகக் கொண்டுவந்தார்.

"ரெண்டு வாயுவும் வரம்புக்குள்ளதான் சார். முன்னாடியே நாம போட்ட உத்தரவு இருக்கே, அதையே எடுத்துக்கிட்டேன். இலைன்னு இருந்த இடத்துல நுரையீரல்னு மாத்தியிருக்கேன்."

"மரம்னு இருந்த இடத்துல?" என்றார் பெர்னார்ட் இருமிக்கொண்டே.

"குடியிருப்போர்னு போட்டிருக்கேன் சார். இங்க ஒரு கையெழுத்து."