வலது கை என்று எழுதப்பட்ட என் இடது கை

அக்கரப்பத்தனை,
12.8.1957

அட்டனில் வழக்குப் பேசும் புரொக்டர் ஐயாவிடம் கிளாக்கராக இருக்கும் என் மதிப்பிற்குரிய மைத்துனர் சோலைமலை அவர்களுக்கு, உங்கள் அக்காள் அம்மாக்கண்ணுவின் புருஷன் நல்லமுத்து எழுதிக்கொள்வது. இடது கை தவிர எனது மற்ற உறுப்புகள் யாவும் நலம். உங்கள் வீட்டார் அனைவரும் எல்லா உறுப்புகளோடும் நலமாயிருக்க கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன்.

நிற்க. நாம் ஜெயிக்கப்போகிற வழக்கு ஒன்று கைவசம் இருக்கிறது. போன மாதம் மழையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கித் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்து என் இடது கை முறிந்தது. தூக்கிக்கொண்டு போய் தோட்டத்து டாக்டர் முத்துலிங்கம் ஐயாவுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். முறிவுக் கட்டை அவர் சரியான கையில்தான் போட்டார், ஏனென்றால் தொட்ட போதெல்லாம் நான் அலறினேன். அவர் துண்டுச் சீட்டு எழுதும்போது நான் அலறுவதை நிறுத்திவிட்டேன், அதுதான் நான் செய்த ஒரே தப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவனுடைய இடது கை அவருக்கு வலது பக்கம் தெரியும் இல்லையா, அவரும் 'வலது கை முறிவு' என்று இங்கிலீசில் எழுதி, பெரிய துரையும் அதில் கையெழுத்து வைத்துவிட்டார்.

பத்து நாள் கழிச்சு நான் காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போனா, வேலை பிரிக்கிற கண்டாக்கையா துண்டை வாசிச்சுப் பாத்துட்டு, இவனுக்கு இடது கை நல்லாத்தானே இருக்கு, நாத்து மேடைக்குத் தண்ணி தூக்கட்டும்னு இடது கையில வாளியைக் குடுத்துட்டார். ஐயா, கட்டு இந்தக் கையிலதானேன்னு கேட்டேன். வலது கை முறிஞ்சவன் இடது கையில ஏன் கட்டுப் போட்டுக்கிட்டு வந்தேன்னு என்னையே திருப்பிக் கேட்டார். நானும் வாளியைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். ரெண்டு நாள் தண்ணி தூக்கினதுல சேர்ந்துக்கிட்டு வந்த எலும்பு விலகிப்போய், இப்ப கோணலாச் சேர்ந்திருக்கு. கத்தியை வலது கை பிடிக்கும், ஆனா வெட்டுற செடியோட வாதைப் பிடிக்க இடது கை வேணும்ல மாப்பிள்ளை.

டாக்டர் ஐயாவிடம் போய், தயவுசெய்து துண்டைத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “துரை கையெழுத்து வச்ச துண்டு பிழையா இருக்கேலாது, நல்லமுத்து” என்று சொல்லிவிட்டார்.

வருகிற வியாழக்கிழமை அட்டனில் நட்டஈட்டு விசாரணை. துண்டில் வலது கை என்று இருக்க, என் வலது கை கல்லு மாதிரி இருந்தால் நான் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன். பொய் சொன்னவனுக்குத் தோட்டத்துச் செக்ரோலில் பேரும் கிடையாது, வேலையும் கிடையாது, பேர் போனால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். உங்கள் அக்காள் பயப்படுகிறாள். நான் பயப்படவில்லை, அவளுக்குத் துணையாக மட்டும் கொஞ்சம் பயப்படுகிறேன். பக்கத்துக் காம்பரா மாயாண்டி, வியாழக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் கட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டு போ என்று யோசனை சொன்னான். முறிந்தது என் கை, அது எது என்று எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே புரொக்டர் ஐயாவிடம் சொல்லுங்கள். விழுந்ததற்குத் தோட்டத்தின் மேல் ஒன்று, எழுதியதற்கு டாக்டரின் மேல் ஒன்று, இரண்டு வழக்கையும் ஒன்றாகவே போட்டுவிடலாம். தேவைப்பட்டால் சீமை வரைக்கும் போவோம், அங்கேயும் மனுஷனுக்கு இடது கை இடது பக்கம்தான் இருக்கும். இவருக்குப் பக்கம் மாறிப்போகும் என்பதற்கு அவர் கையெழுத்திலேயே ஒரு வரி கிடைத்தால் கேஸ் அன்றைக்கே முடிந்துவிடும், அதை மட்டும் அவர் எழுதித்தர மாட்டார். பரவாயில்லை. புரொக்டர் ஐயா அவரைக் கூண்டில் ஏற்றி, எதிரே நின்றுகொண்டு, என் இடது கை எது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பும், புரொக்டர் ஐயாவுக்கு ஒற்றைக் கையால் முடிந்த அளவு கும்பிடும்.

இப்படிக்கு,
வலது கையால் எழுதும்
நல்லமுத்து

பி.கு. (13.8.57): இதனை எழுதுவது தோட்டத்து வைத்தியர் முத்துலிங்கம். நல்லமுத்து இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் செல்லும் வழியில், குடையையும் கடிதத்தையும் ஒரே கையில் பிடித்தபடி டிஸ்பென்சரிப் படியில் வழுக்கி விழுந்து, வலது கையை முறித்துக்கொண்டார். எனது முந்திய துண்டு இத்துடன் முற்றும் சரியாகிவிட்டது என்பதை அடக்கத்துடன் தெரிவிக்கிறேன். பிறர் கடிதத்தை வாசிக்கும் பழக்கம் எனக்கில்லை. அடியில் இடமிருந்தபடியால், அவர் சொல்வதை எழுதுகிறேன்: “துண்டுல இருக்கிறது இப்ப கையிலயும் இருக்கு. வழக்கு வேணாம், விட்டுருங்க.”

அவரது இரு கைகளும் விரல் நுனிவரை கட்டுக்குள் உள்ளன. எனவே அவருக்கு எதிரே அமர்ந்து, நானே கால் பெருவிரல் ரேகை எடுத்தேன். கீழே காண்பது நல்லமுத்துவின் இடது கால் பெருவிரல் ரேகை.

மேலும்: அது வலது கால் என்று அவர் மனைவி சொல்கிறார். எழுந்து சென்று அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கால்தான். மேலே 'இடது' என்று நான் எழுதியது பிழை, 'வலது' என்று திருத்தி வாசிக்கவும். இதைக் கேட்டதிலிருந்து நோயாளி வலியை மறந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். வேறு தாளில் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்றேன். இதே தாள் போதும், இதே கையெழுத்து போதும், வியாழக்கிழமைக்கு முன் அட்டனுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி என்கிறார். காரணம் எனக்கு விளங்கவில்லை.