போன் சொன்னபடி

நீதிபதி அம்மா வாசலிலேயே மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஓட்டல் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டு.

"என் கறுப்பு அங்கி எங்கேப்பா? பத்தரைக்குக் கோர்ட்டுல உக்காரணும்!"

"தெரியலம்மா. ஒண்ணாம் நம்பர் மூட்டைக்கு இதுதான் வழின்னு போன் சொல்லுச்சு. வந்தேன், குடுத்தேன்."

சொன்னவனுக்குப் பட்டப்பெயர் வீம்பு. சலவைக்கூடத்துக்கு இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு தவறமாட்டான். நேற்று முதலாளி டிரைவர்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு போனை நீட்டி, "இனிமே இது காட்டுற வழிதான். சொந்தமா ஸ்டியரிங்கைத் திருப்பினவன் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

என் வண்டிக்கு ஒரு கண்ணாடிச் சில்லு எஜமானா? சரி, அது சொல்கிற ஆட்டத்தை அப்படியே ஆடுவோம். ஆடுகிற ஆட்டத்தில் முதலாளியே அதைத் தூக்கிக் குப்பையில் போடட்டும். வீம்பு கறுவிக்கொண்டுதான் காலையில் சாவியைத் திருகியிருந்தான்.

போன் அடித்தது. வழி காட்டுகிற புரோகிராமை எழுதிய கம்ப்யூட்டர் பொண்ணு.

"அண்ணே, நீதிபதி அம்மா போன் போட்டுக் கத்துறாங்க. அது அவங்க வீடுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். போனுக்குத் தெரியலையே."

"பத்து வீட்டுக்கும் ஒரே மூச்சுல மேப்புகிட்ட வழி கேட்டேண்ணே. கேட்ட வரிசையிலயே பதில் வரும்னு நெனச்சுட்டேன். முந்திக்கிட்டு வந்த பதில் ஒண்ணாம் மூட்டைல ஒட்டிக்கிச்சு."

"பத்துப் பேரைக் கூப்பிட்டா, காது கேக்கறவன் முதல்ல திரும்புவான். இது தெரியாமத்தான் படிச்சியா?"

"குத்திக் காட்டாதீங்க. இனிமே பதிலோட வீட்டுப் பேரையும் சேத்து ஒட்டிடறேன். பத்தும் வந்தப்புறம்தான் வண்டி நகரும்."

வண்டி நாற்சந்திக்கு வந்தபோது போன் பத்து வீட்டுக்கும் புதுசாக வழி கேட்டது. ஒன்பது பதில் வந்தது. பத்தாவது வரவில்லை. நட்டநடுவில் "காத்திருக்கவும்" என்றது போன். வீம்பு எஞ்சினை அணைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டான். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

போலீஸ்காரர் ஓடி வந்தார். "யோவ், பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு?"

"பச்சை விழுந்துடுச்சு சார். பதில்தான் இன்னும் விழல."

"யாருகிட்டேருந்து?"

"அது தெரிஞ்சா நானே போய்க் கேட்டுட்டு வந்துருவேனே!"

நாலு பேரை வைத்து வண்டியை ஓரமாகத் தள்ளச் சொன்னார் போலீஸ்காரர். வீம்பு இறங்கவில்லை. இறங்கச் சொல்லிப் போன் சொல்லவில்லையே.

பொண்ணு பதறிப்போய் அடுத்த வைத்தியம் பார்த்தாள். பதில் வராவிட்டால் மறுபடி கேள், அப்பவும் வராவிட்டால் இன்னொரு தடவை கேள். புதுசாகக் கேட்டதுக்கும் பதில் வந்தது, முன்னே கேட்டதுக்கும் ஆடி அசைந்து பின்னாலேயே வந்தது. ஒவ்வொன்றுக்கும் வண்டி கிளம்பியது. பல் டாக்டர் வீட்டு மணியை வீம்பு மூன்றாம் தடவை அடித்தான்.

"மறுபடியும் நீயா? மூட்டை எங்கய்யா?"

"அதைத்தான் முதல் தடவையே குடுத்துட்டேனே டாக்டர். இப்ப சும்மா வந்தேன்."

"சும்மா வந்து போக நீ என்ன என் மச்சானா?"

சாயங்காலம் ஆறு மூட்டை கொடுபடாமல் திரும்பிவந்தது. வீம்பு கல்யாண மாப்பிள்ளைபோல இறங்கினான். மற்ற நாலு டிரைவர்களும் மத்தியானமே வேலையை முடித்துவிட்டுக் காலி வண்டியில் சாய்ந்து கிடந்தார்கள். முதலாளி அறைக்குள் பொண்ணின் குரல் ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒழிஞ்சுதுடா போன்!" என்று மீசையை நீவினான். "நாளைக்கு நம்ம வண்டி, நம்ம வழி."

அந்த அறைக் கதவைத் திறந்துகொண்டு இஸ்திரிக்காரர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அடிச்சீங்களே யோகம்! இவனுங்க நாலு பேரும் போனை அணைச்சுப் போட்டுட்டாங்களாம், நீங்க ஒருத்தர் அது சொன்னபடியே ஓட்டினதாலதான் எல்லாத் தப்பும் பிடிபட்டு இப்ப சுத்தமா சரியாயிடுச்சாம், அதனால நாளையிலேருந்து உங்களுக்கு வண்டியே கிடையாதாம், போன் பேச்சைக் கேட்டு ஓட்டுறது எப்படின்னு இவனுங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுதான் உங்க வேலையாம்!"