நான் நாலு பெற்ற வெள்ளிக்கிழமை

எங்கள் உப்பளப் பக்கத்துப் பெண்களுக்குத் தலை வலிக்கலாம், பல் வலிக்கலாம், கழுத்துகூடப் பிடிக்கலாம். இடுப்புக்குக் கீழே மட்டும் எதுவும் வரக்கூடாது. வந்தாலும் அதற்குப் பெயர் கிடையாது, 'அந்தத் தொந்தரவு' என்பதோடு சரி. என் மாமியாருக்கு அந்தத் தொந்தரவு பல வருஷமாக இருந்தது. அதே வீட்டில் எட்டு மாதமாக மருமகளாக இருந்த எனக்கு (பி.காம்., எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு) அது தெரியவே தெரியாது.

அத்தை மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பவர். ஒரு சித்திரை வெயிலில் வரப்பிலேயே மயங்கி விழுந்தார். வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துக் கேட்டபோதுதான், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கூடை தூக்குகிறார். தண்ணீர் குடித்தால் அடக்க முடிவதில்லை, அளத்தில் ஒதுங்க மறைவும் இல்லை. அதனால் வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்பு என்றால் பெண் டாக்டரைப் பார்க்கத் திண்டிவனத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். இப்போது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரே எங்கள் ஊர் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடுகிறார். அதுதான் அத்தைக்குப் பிரச்சினை. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தெரிந்தவர்கள்.

"நான் வரமாட்டேன். இந்த வயசுல இவளுக்கு இன்னா டாக்டருன்னு சிரிப்பாளுங்க."

"அப்போ எனக்குன்னு சொல்லிக்கலாம் அத்தை. நீங்க துணைக்கு வாங்க. உள்ள போயி உண்மையைச் சொல்லிடலாம்."

இப்படி ஒரு யோசனை சொன்னதற்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன். கல்யாணமாகி எட்டு மாதமான பெண், மாமியாரோடு பெண் டாக்டர் வரிசையில் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று அந்த பி.காம். மூளைக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டு செல்வி அக்கா என்னைப் பார்த்ததுமே கன்னத்தைக் கிள்ளினார். யாரோ கையில் மாங்காய் திணித்தார்கள். நான் டோக்கன் வாங்குவதற்குள் சென்னைப் பக்கம் கம்பெனியில் ஷிப்டில் இருந்த என் கணவருக்கு வாழ்த்து போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் பதறிப்போய் போன் செய்ய, நான் பயந்துபோய் கட் செய்ய, அதுவும் வெட்கம் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது.

உள்ளே போனால், 'உள்ளே' என்று ஒன்றும் இல்லை. ஒரு பச்சைத் திரை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் செல்வி அக்கா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினார்.

"என்னம்மா பண்ணுது?" என்றார் டாக்டர்.

"அடி இறங்கியிருக்குது டாக்டர்," என்றேன், முடிந்த அளவு கிசுகிசுப்பாக. "கூடை தூக்கினா ரொம்ப இறங்குது. இருமினா நனைஞ்சிடுது."

"எத்தனை பிரசவம்?"

அத்தை முந்தானைக்குள்ளிருந்து நான்கு விரலைக் காட்டினார். "நாலு," என்றேன்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "உங்க வயசு?"

"இருபத்து நாலு."

"கடைசிக் குழந்தைக்கு?"

அத்தையின் கடைசிப் பிள்ளை என் கணவர். பதற்றத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இருபத்தெட்டு."

"மாசமா?"

"வருஷம் டாக்டர். கம்பெனியில வேலை செய்யுறாரு."

நான் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே நான்காவது பிரசவமும் ஆகி, என் புருஷனை நானே பெற்றிருந்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, மேல ஏறிப் படுங்க, பாத்துடலாம்," என்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். வாக்கு என்றால் வாக்கு!

"இறங்குடி கீழே!" அத்தை போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த மாங்காய் உருண்டு ஓடியது. "டாக்டரம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்ல. அது நேத்து வந்த பொண்ணு. நாலு பெத்தவ நான். அடி இறங்குனதும் எனக்குத்தான். என் மானத்துக்காக அது படுத்துக்கினு இருக்குது."

டாக்டர் எழுந்துவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்வீங்களான்னுதான் பாத்தேன்மா," என்றார்.

பரிசோதித்துவிட்டு, ஆபரேஷனுக்கு முன்னால் இதை வைத்துப் பார்ப்போம் என்று, கர்ப்பப்பை இறங்காமல் தாங்கும் ஒரு ரப்பர் வளையத்தைப் பொருத்தினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்தவர், இறங்கி நின்று இரண்டடி நடந்து பார்த்தார். "இவ்ளோதானாம்மா?" என்றார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எங்கள் ஊர் தேடி வந்த அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வெளியே வந்தோம். யாரும் சிரிக்கவில்லை. செல்வி அக்கா மட்டும் அத்தையின் பக்கத்தில் வந்து, "எனக்கும் அப்படித்தான் இருக்குது," என்றார். அத்தை அவர் கையைப் பிடித்து நேராகத் திரைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். (வரிசையில் முன்னால் நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள், அது தனிக் கதை.) இப்போது அத்தை அளத்துக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகிறார். டாக்டர் வரும் வெள்ளிக்கிழமைதோறும் யாரையாவது இழுத்துக்கொண்டு வந்து டாக்டர் முன்னால் உட்காரவைக்கிறார். டாக்டரும் பழகிவிட்டார். இளம்பெண்ணும் பெரியவரும் சேர்ந்து வந்தால், "உண்மையில யாருக்கு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

என் கணவர் கோபம் வந்தால் என்னைப் 'பெத்த தாயே' என்று கூப்பிடுகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது, எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் வயிற்றைப் பார்த்து, "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிவதற்குள் அத்தை முன்னால் வந்து நிற்பார்.

"அவளுக்கு இன்னா அவசரம்? அவதான் நாலு பெத்துட்டாளே!"