மணியோசைச் சித்தரும் 'திரும்ப அழை' பொத்தானும்

நிம்மதியின் விலை ஐயாயிரம். முன்பணம், பேரம் கிடையாது. ஓர் ஆணிக்குக்கூட அரைமணி நேரம் வாதாடும் கடைத்தெரு, மணியோசைச் சித்தரிடம் மட்டும் வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்தது.

அவர் கண்டு சொல்வது சாதாரண ரகசியமா? கடைக்கு வரும் அழைப்புகளை வாங்கிப் பிரித்துத் தரும் தொலைபேசி இணைப்பகம் சொந்தப் பெட்டியாகக் கடையிலேயே இருக்கலாமா, மாத வாடகைக்கு இணையத்தில், எங்கோ வானத்தில் இருக்கலாமா? கணக்குப் பார்ப்பது பாமரர் வேலை. சித்தர் நூலில் கட்டிய செம்புக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு ஆடும். தொலைபேசி தானே மணியடிக்கும். கூட்டம் உருகும்.

கூரை ஓட்டுக்கடைக்காரரை "வானத்துக்குப் போ" என்றார்; அவர் கழித்த பெட்டியைச் சீடன் இலவசமாகத் தூக்கிப் போனான். வண்ணக்கடைக்காரரை "பூமிக்கு வா" என்றார். அவருக்கு 'அருள் ஏற்றிய பெட்டி' ஒன்று இரட்டை விலையில் வந்தது.

அன்று பம்புக்கடையின் முறை; ஏற்கெனவே அருள் பெற்ற கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். அங்கே தொலைபேசி மேசை ஒரு பெண்ணின் பொறுப்பு. முதலாளி அவளுக்குச் சித்தப்பா. சம்பள நாளில் மட்டும் அந்நியர்.

குண்டு அவள் தலைக்கு மேல் சுழன்றது.

"இந்த நாற்காலிதான் மணியை அமுக்குது," என்றார் சித்தர். "ஆளை எடுங்க. வானத்துக்குப் போங்க. அங்க மெஷினே பேசிக்கும். மூணு வருஷ ஒப்பந்தம், கையெழுத்து போட்டாப் போதும்."

சித்தப்பா பேனாவின் மூடியைத் திறந்தார். அவளுடைய வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு எல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன.

"நான் எழுதிக் குடுத்த கணக்கைப் பாத்தீங்களா சித்தப்பா?"

"கணக்கு எங்கம்மா போயிடப் போகுது. பெரியவர் சொல்றார்ல."

"சரி, எந்திரிக்கிறேன். அடிக்கட்டும்."

எழுந்தாள். சித்தர் கண்மூடி, "ஒலிக்கட்டும்," என்றார். ஒலித்தது. வண்ணக்கடைக்காரர் அழுதேவிட்டார். இரட்டை விலை கொடுத்தவருக்குப் பக்தியும் இரட்டிப்பாகத்தானே இருக்கும்.

சித்தப்பா எடுத்துக் காதில் வைத்தார். "யாரும் பேசலையே."

"அதிர்ஷ்டம் பேசாது. வரும்."

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டுட்டாப் போச்சு," என்றாள் அவள்.

கடைப் பெட்டி பழசுதான். ஆனால் யார் அழைத்தாலும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஊமைக் கணக்குப்பிள்ளை. 'திரும்ப அழை' பொத்தானை அழுத்தினாள்.

வாசலில் நின்ற சீடனின் சட்டைப்பையிலிருந்து சித்தரின் குரலே கணீரெனக் கிளம்பியது: "ஒலிக்கட்டும்... ஒலிக்கட்டும்..."

குருவின் குரலையே மணியோசையாக வைத்திருந்தான் பாவி. குருபக்தி குடியைக் கெடுத்தது.

"அது வேற அதிர்ஷ்டம்," என்றார் சித்தர்.

"இருக்கட்டும் சாமி. உங்க சீடர் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கட்டும். நீங்க இன்னொரு தடவை ஆட்டுங்க."

குண்டு ஆடியது. சித்தர் "ஒலிக்கட்டும்" என்று மூன்று முறை சொன்னார். மணி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஓட்டுக்கடைக்காரர் வண்ணக்கடைக்காரரின் காதோரம் குனிந்தார். "அண்ணே, உங்க பெட்டி ஓரத்துல எங்க கடை சிமெண்டு ஒட்டியிருக்குமே?"

"அதைத்தான் அருள்னு சொன்னாங்க."

பிறகு எழுந்த கூச்சலில் குருவும் சீடனும் பின்வாசல் வழியே பறந்தார்கள். குண்டு தரையில் கிடந்தது.

சித்தப்பா அசடு வழிய அவள் காகிதத்தைப் பிரித்தார். "என்னம்மா எழுதியிருக்கே?"

"நம்ம தெருவுல இணையம் தினம் ரெண்டு தடவை சாகுது. வானத்து போனும் கூடவே சாகும். இணையம் நல்லா இருக்கிற ஊர்ல வாடகை லாபம். இங்க சொந்தப் பெட்டி, கூட ஒரு பேட்டரி. அவ்வளவுதான்."

"இதுக்கு எவ்வளவு கேக்கிறே?"

"நாற்காலி."

சாயங்காலம் கடைத்தெரு கணக்கை முடித்தது. செலவு: பதினெட்டுக் கடை, தலைக்கு ஐயாயிரம், ஆக தொண்ணூறாயிரம். வரவு: செம்புக் குண்டு ஒன்று, எடைக்குப் போட்டால் நூற்றிருபது. கையிருப்பு: முதலாளிக்கு ஒன்று வீதம் மூளை பதினெட்டு, உறை பிரிக்காதவை. பிரித்துப் பார்க்கக் கட்டணமில்லை.